துளை ஒன்றே, திறனும் ஒன்றா?

தீபாவளிக்கு முதல் நாள் மாலை. கெடா மாநிலத்தில், பீடோங் அருகே ஒரு தோட்டத்து வீடு. பினாங்கில் வேலை செய்யும் சித்தப்பாவும் ஜொகூரில் குடியிருக்கும் அத்தையும் குடும்பத்தோடு வந்து இறங்கிவிட்டார்கள். அடுப்படியில் முறுக்கு வேகிறது. கூடத்தில் பேரப்பிள்ளைகள் ஆளுக்கொரு திறன்பேசியுடன் உட்கார்ந்திருக்கிறார்கள். சிறிது நேரத்தில் ஒரு குரல் எழுகிறது.

"பாட்டி, சார்ஜர் இருக்கா?"

"அலமாரி இழுப்பறையில பாருய்யா. நெறைய கெடக்கு."

இழுப்பறையில் உண்மையிலேயே நிறைய கிடக்கின்றன. ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு ஏழெட்டு இருக்கும். ஆனால், பேரனின் திறன்பேசிக்குப் பொருந்துவது ஒன்றுகூட இல்லை.

இத்தகைய காட்சியை நம்மில் பலர் சொந்த வீட்டிலேயே பார்த்திருப்போம். பேச்சு வழக்கில் சார்ஜர் என்றும் கேபிள் என்றும் நாம் சொல்லும் மின்னூட்டியும் வடமும் இத்தனை வகையாகப் பிரிந்தது ஏன்? இப்போது எல்லாக் கருவிகளிலும் ஒரே வகைத் துளை வரத் தொடங்கியது எப்படி? துளை ஒன்றாகிவிட்டதால் சிக்கல் தீர்ந்துவிட்டதா? இவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

இழுப்பறை சொல்லும் வரலாறு

பாட்டியின் இழுப்பறையைக் கவிழ்த்துக் கொட்டினால், கைப்பேசியின் வரலாறே தரையில் விழும். அடியில் கிடப்பது நோக்கியா கைப்பேசியின் தடித்த ஊசி. அதன்மேல், அதே நிறுவனம் பின்னர் கொண்டு வந்த மெல்லிய ஊசி. ஒரே நிறுவனத்தின் பொருளாக இருந்தும் பழைய மின்னூட்டி புதிய கைப்பேசிக்கு உதவவில்லை. சோனி எரிக்சன், சாம்சங், மோட்டோரோலா ஆகியவையும் தங்களுக்கெனத் தனி வடிவங்களை வைத்திருந்தன.

நிறுவனங்கள் இப்படிச் செய்ததற்குக் காரணங்கள் உண்டு. ஒவ்வொன்றும் தன் கருவியின் அளவுக்கும் மின்கலத்துக்கும் ஏற்ற இணைப்பானை வடிவமைத்தது. மின்னூட்டி தொலைந்தால் வாடிக்கையாளர் அதே நிறுவனத்திடம் திரும்பி வருவார் என்ற வணிகக் கணக்கும் இருந்தது. இதன் விளைவாக, 2009 ஆம் ஆண்டளவில் ஐரோப்பாவில் மட்டும் 30க்கும் மேற்பட்ட வகை மின்னூட்டிகள் புழங்கின.

அந்த ஆண்டு ஐரோப்பிய ஆணையத்தின் முயற்சியால் முன்னணிக் கைப்பேசி நிறுவனங்கள் ஓர் உடன்பாட்டில் கையெழுத்திட்டன. மைக்ரோ யூ.எஸ்.பி. என்னும் சிறு இணைப்பானைப் பொது வடிவமாக ஏற்பதே அவ்வுடன்பாடு. இது சட்டமன்று; நிறுவனங்கள் விரும்பி ஏற்றுக்கொண்ட வாக்குறுதி. ஆயினும், அதனால் நல்ல பயன் விளைந்தது. அடுத்த பத்தாண்டுகளில் 30க்கும் மேற்பட்ட வகைகள் மூன்றாகக் குறைந்தன.

அந்த மூன்றில் ஒன்று மைக்ரோ யூ.எஸ்.பி. மற்றொன்று ஆப்பிள் நிறுவனம் 2012 இல் ஐபோன் 5 உடன் அறிமுகப்படுத்திய லைட்னிங். மூன்றாவது, நாம் டைப்-சி என்று அழைக்கும் யூ.எஸ்.பி.-சி. இன்று உலகெங்கும் பரவி வருவது இந்த மூன்றாவது வகையே.

புரட்டிப் புரட்டிச் செருகிய காலம்

யூ.எஸ்.பி. என்பது முதலில் கணினிக்காகப் பிறந்தது. 1990களின் தொடக்கத்தில் கணினியின் பின்புறம் பார்த்தவர்களுக்கு அதன் குழப்பம் நினைவிருக்கும். அச்சுப்பொறிக்கு ஒரு துளை, விசைப்பலகைக்கு ஒரு துளை, சுட்டிக்கு ஒரு துளை என்று எல்லாமே வெவ்வேறாக இருந்தன. இவற்றை ஒன்றாக்க வேண்டும் என்ற எண்ணத்தில் இண்டெல், மைக்ரோசாப்ட், ஐ.பி.எம். உள்ளிட்ட ஏழு நிறுவனங்கள் கூடி உழைத்தன. அம்முயற்சியில் முன்னின்றவர்களுள் ஒருவர் இண்டெல் நிறுவனத்தின் பொறியியலாளர் அஜய் பட். இவர் இந்தியாவின் குஜராத் மாநிலத்தில் பிறந்தவர். 1996 இல் யூ.எஸ்.பி.யின் முதல் பதிப்பு வெளியானது.

அதே 1996 ஆம் ஆண்டில்தான் நம் கெடா மாநிலத்தில் கூலிம் உயர் தொழில்நுட்பப் பூங்காவும் திறக்கப்பட்டது. பால்மரமும் செம்பனையும் சூழ்ந்த வட்டாரத்தில் மின்னணுத் தொழிற்சாலைகள் எழுந்தன. தோட்டங்களிலிருந்து நகரங்களுக்குக் குடிபெயர்ந்த குடும்பங்களின் பிள்ளைகள் பலர் இத்தகைய தொழிற்சாலைகளில் வேலைக்குச் சேர்ந்தனர். மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் சில்லுகளைத் தயாரிக்கும் இன்பினியன் என்னும் ஜெர்மானிய நிறுவனம் 2006 இல் கூலிமில் தன் ஆலையைத் திறந்தது. ஆகவே, மின்னூட்டிக்குள் நடக்கும் வேலை கெடாவுக்கு அந்நியமானதன்று.

முதல் யூ.எஸ்.பி. செருகிக்கு ஒரு குறை இருந்தது. அது தட்டையாக இருக்கும். ஆனால், ஒரு பக்கமாக மட்டுமே நுழையும். முதலில் செருகுவோம், நுழையாது; புரட்டிச் செருகுவோம், அப்போதும் நுழைய மறுக்கும்; மீண்டும் புரட்டினால் நுழைந்துவிடும். இந்த எரிச்சலை அறியாதவர் இலர். இரு பக்கமும் நுழையுமாறு செய்திருந்தால் கம்பிகளும் மின்சுற்றுகளும் இரு மடங்காகி விலை கூடியிருக்கும் என்று அஜய் பட் பின்னாளில் விளக்கம் அளித்தார். எல்லாரும் வாங்கக்கூடிய விலையில் இருக்க வேண்டும் என்பதற்காகவே வசதி ஒன்றை அன்று விட்டுக்கொடுத்தார்கள்.

இருபத்து நான்கு தொடுமுனைகள்

அவ்வசதி 2014 ஆம் ஆண்டில் கைகூடியது. அவ்வாண்டு ஆகஸ்டில் யூ.எஸ்.பி.-சியின் வரையறை வெளியானது. முதல் யூ.எஸ்.பி. செருகியில் நான்கு தொடுமுனைகளே இருந்தன. டைப்-சி இணைப்பானின் வரையறையில் 24 தொடுமுனைகள் உள்ளன: மேலே 12, கீழே 12. மேல்வரிசையைச் சுழற்றி வைத்தாற்போலக் கீழ்வரிசை அமைந்துள்ளது. அதனால்தான் எப்படிச் செருகினாலும் அது பொருந்துகிறது.

டைப்-சியின் சிறப்பு வடிவத்தோடு முடிவதில்லை. அந்த 24 முனைகளுள் சில, மின்சாரத்தைக் கடத்துவதற்கு முன் செய்தியைக் கடத்துகின்றன. செருகியவுடன் மின்னூட்டி 5 வோல்ட் அளவில் மட்டுமே மின்சாரம் தருகிறது. பிறகு இரு கருவிகளும் பேசிக்கொள்கின்றன. "என்னால் 5, 9, 15, 20 வோல்ட் தர முடியும்" என்று மின்னூட்டி அறிவிக்கிறது. "எனக்கு 9 வோல்ட் போதும்" என்று திறன்பேசி கேட்கிறது. வடத்தின் தாங்குதிறனுக்கும் இதில் பங்குண்டு. மூன்றும் ஒத்துப்போகும் அளவிலேயே மின்சாரம் பாய்கிறது. இந்த முறைக்குப் 'பவர் டெலிவரி' என்று பெயர், சுருக்கமாக 'பி.டி.' என்பர்.

இங்கே பலருக்கும் உள்ள ஓர் அச்சத்தைப் போக்கிக்கொள்ளலாம். மடிக்கணினியின் 65 வாட் மின்னூட்டியைத் திறன்பேசியில் செருகினால் திறன்பேசி கெட்டுப்போகும் என்று சிலர் அஞ்சுகிறார்கள். தோட்டத்தில் உயரத்தில் நிற்கும் தண்ணீர்த் தொட்டியை நினைத்துப் பாருங்கள். தொட்டி பெரியது என்பதால் குழாயில் குவளையை வைத்தவுடன் முழுத் தொட்டியும் கொட்டிவிடுவதில்லை. குழாயை எவ்வளவு திறக்கிறோமோ அவ்வளவே நீர் வருகிறது. தரமான டைப்-சி மின்னூட்டியும் அப்படித்தான். கருவி கேட்கும் அளவையே அது கொடுக்கும்.

வாக்குறுதி சட்டமான கதை

டைப்-சி வெளிவந்தவுடனே எல்லா நிறுவனங்களும் அதற்கு மாறிவிடவில்லை. ஆப்பிள் நிறுவனம் 2015 இல் தன் மெல்லிய மடிக்கணினியில் டைப்-சியைப் பொருத்தியது. எனினும், ஐபோனில் லைட்னிங்கையே தொடர்ந்தது. ஒரே நிறுவனத்தின் இரண்டு கருவிகளுக்கு இரண்டு வடங்கள் தேவைப்பட்டன.

ஐரோப்பிய ஆணையம் 2021 செப்டம்பரில் சட்ட முன்வரைவைக் கொண்டு வந்தது. அதற்கு அது காட்டிய காரணங்களுள் இரண்டு முக்கியமானவை. வீசப்படும் மின்னூட்டிகளாலும் பயன்படுத்தப்படாத மின்னூட்டிகளாலும் ஐரோப்பாவில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 11,000 டன் மின்னணுக் கழிவு சேர்வதாக அது மதிப்பிட்டது. தேவையற்ற மின்னூட்டிகளை வாங்காமல் விட்டால் மக்கள் ஆண்டுக்கு 25 கோடி யூரோ வரை மிச்சப்படுத்தலாம் என்றும் கணக்கிட்டது.

எதிர்ப்பும் எழுந்தது. ஒரே வடிவத்தைச் சட்டத்தால் கட்டாயமாக்கினால் புதிய கண்டுபிடிப்புகள் தடைபடும் என்று ஆப்பிள் நிறுவனம் வாதிட்டது. இவ்வாதத்தை நாம் ஒதுக்கிவிட முடியாது. மைக்ரோ யூ.எஸ்.பி.யை 2009 இலேயே சட்டமாக்கியிருந்தால் டைப்-சி எளிதில் வந்திருக்குமா என்று கேட்கலாம். தொழில்நுட்பம் வளரும்போது விதியையும் மறுஆய்வு செய்ய வேண்டும் என்பதே இதற்கான விடை. புதிய சட்டத்தில் அதற்கு இடமும் வைக்கப்பட்டது.

2022 அக்டோபர் 4 இல் ஐரோப்பிய நாடாளுமன்றம் 602 ஆதரவு வாக்குகளுடன் அச்சட்டத்தை நிறைவேற்றியது. 13 பேர் மட்டுமே எதிர்த்தனர். திறன்பேசி, கைக்கணினி, படக்கருவி, காதொலிப்பான் முதலியவற்றுக்கு 2024 டிசம்பர் 28 முதலும், மடிக்கணினிகளுக்கு 2026 ஏப்ரல் 28 முதலும் டைப்-சி கட்டாயம் என்று விதிக்கப்பட்டது. கருவியை மின்னூட்டி இல்லாமல் தனியாக வாங்கும் உரிமையும் வாடிக்கையாளருக்குக் கிடைத்தது. 2023 செப்டம்பரில் வெளிவந்த ஐபோன் 15 டைப்-சி துளையுடன் வந்தது.

ஐரோப்பாவில் இயற்றப்பட்ட சட்டம் சுங்கைப்பட்டாணியில் உள்ள கைப்பேசிக் கடைக்கு எப்படி வந்தது? ஒரு திறன்பேசியை உலகின் ஒரு பகுதிக்கு ஒரு துளையுடனும் மறு பகுதிக்கு வேறு துளையுடனும் தயாரிப்பது செலவு மிகுந்த வேலை. பெரிய சந்தை ஒன்று ஒரு வடிவத்தைக் கட்டாயமாக்கினால், நிறுவனங்கள் உலகம் முழுவதும் அதையே விற்பது எளிது என்று கருதுகின்றன. இதனால், அலோர்ஸ்டாரில் விற்கும் புதிய திறன்பேசியிலும் அதே துளையைக் காண்கிறோம்.

துளை ஒன்று, திறன் வேறு

இனிதான் நாம் கவனமாக இருக்க வேண்டும். துளை ஒன்றாக இருப்பதால் எல்லா வடங்களும் ஒன்று என்று எண்ணிவிடக் கூடாது.

முதலாவது, மின்திறன். மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் பெருக்கினால் கிடைப்பதே மின்திறன். சாதாரண டைப்-சி வடம் 3 ஆம்பியர் மின்னோட்டத்தைத் தாங்கும். 20 வோல்ட்டில் அது 60 வாட் ஆகும். அதற்கு மேல் கடத்த வேண்டுமானால் 5 ஆம்பியர் தாங்கும் வடம் தேவை. அத்தகைய வடத்தின் முனையில் தன் திறனை அறிவிக்கும் சிறு சில்லு ஒன்று இருக்கும். அவ்வடம் 100 வாட் வரை கடத்தும். 2021 இல் வந்த புதிய வரையறையின்படி 240 வாட் வரை கடத்தும் வடங்களும் உள்ளன. பார்வைக்கு மூன்றும் ஒன்றுபோலவே இருக்கும்.

இரண்டாவது, வேகம். படங்களையும் காணொலிகளையும் வடத்தின்வழி கணினிக்கு மாற்றும்போது இது தெரியும். சில டைப்-சி வடங்கள் நொடிக்கு 480 மெகாபிட் வேகத்தில் மட்டுமே தரவைக் கடத்தும். வேறு சில 40 கிகாபிட் வரை கடத்தும். கருவிகளிலும் இவ்வேறுபாடு உண்டு. ஐபோன் 15 இன் துளையும் ஐபோன் 15 புரோவின் துளையும் ஒன்றே. ஆனால், முன்னதன் வேகம் 480 மெகாபிட். பின்னதன் வேகம் 10 கிகாபிட்.

மூன்றாவது, மலிவான கருவிகளின் குறை. இரவுச் சந்தையில் விற்கும் சிறு மின்விசிறிகளிலும் கைவிளக்குகளிலும் இப்போது டைப்-சி துளை இருக்கிறது. அவற்றுள் சில, இரு முனையிலும் டைப்-சி உள்ள வடத்தில் மின்னூட்டம் பெறுவதில்லை. பழைய அகலமான செருகியுள்ள வடத்தில் மட்டுமே பெறுகின்றன. மின்னூட்டியிடம் 'நான் இருக்கிறேன்' என்று தெரிவிக்கும் மிகச் சிறிய மின்தடையங்களை, செலவைக் குறைப்பதற்காகத் தயாரிப்பாளர் பொருத்தாமல் விட்டதே காரணம். மின்னூட்டிக்குக் குரல் கேட்காததால் அது மின்சாரம் தருவதில்லை. கருவி பழுது என்று வீசிவிடுவதற்கு முன், வடத்தை மாற்றிப் பார்க்க வேண்டும்.

சில நிறுவனங்கள் தங்களுக்கே உரிய விரைவு மின்னூட்ட முறையையும் வைத்துள்ளன. அவற்றின் திறன்பேசியை வேறு மின்னூட்டியில் செருகினால் மின்னூட்டம் ஏறும். ஆனால், வேகம் குறையலாம்.

வாங்குமுன் படிப்போம்

இந்த வேறுபாடுகள் வசதியான வீட்டுக்குச் சிறு தொல்லை மட்டுமே. எல்லா வீட்டுக்கும் அப்படியன்று. 2020 மார்ச் 18 இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கிப் பள்ளிகள் மூடப்பட்டதை நினைத்துப் பாருங்கள். பல வீடுகளில் மூன்று பிள்ளைகளுக்கு ஒரே திறன்பேசி. அண்ணனின் வகுப்பு முடிந்தவுடன் தங்கையின் வகுப்பு தொடங்கும். அந்நாளில் வடம் ஒன்று அறுந்தால் மூவரின் பாடமும் நின்றது. கடைக்குப் போய் வருவதும் எளிதாக இல்லை. அத்தகைய வீட்டில், எந்த வடமும் எந்தக் கருவிக்கும் உதவும் என்பது பெரிய நிம்மதி. தவறான வடத்துக்குப் பணத்தைக் கொடுத்து ஏமாறுவது பெரிய இழப்பு.

எனவே, வாங்கும்போது மூன்றைப் பார்க்க வேண்டும். ஒன்று, நம் கருவிக்கு எத்தனை வாட் தேவை? பழைய மின்னூட்டியின் உடலில் சிறிய எழுத்தில் இது அச்சிடப்பட்டிருக்கும். வாட் இல்லாவிட்டால் வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கிக்கொள்ளலாம். இரண்டு, வடத்தின் உறையில் 60 வாட், 100 வாட், 240 வாட் என்று ஏதேனும் குறிக்கப்பட்டுள்ளதா? மூன்று, சுவரில் செருகும் மின்னூட்டியில் சிரிம் முத்திரை உள்ளதா? விலை மிக மலிவாக இருந்து, எந்தக் குறிப்பும் இல்லாத மின்னூட்டியைத் தவிர்ப்பதே நன்று. அது 240 வோல்ட் மின்சாரத்துக்கும் நம் கைக்கும் இடையில் நிற்கும் பொருள். உள்ளே காப்பு சரியாக இல்லையென்றால் கருவியோடு உயிருக்கும் ஆபத்து நேரும். மின்னூட்டம் ஏறும்போது திறன்பேசியைத் தலையணைக்கு அடியில் வைப்பதும், உறை கிழிந்த வடத்தை நாடாவால் சுற்றிப் பயன்படுத்துவதும் கூடாது.

பழையவை எங்கே போகும்?

ஒரே துளை வந்துவிட்டது என்று பாட்டியின் இழுப்பறையை ஒரே நாளில் காலி செய்தால் என்ன ஆகும்? கழிவைக் குறைக்க வந்த சட்டமே கழிவைப் பெருக்கியதாக முடியும். ஆகவே, முதலில் பயன்படுபவற்றைப் பிரித்தெடுக்க வேண்டும். அகலமான யூ.எஸ்.பி. துளை உள்ள பழைய மின்னூட்டி நல்ல நிலையில் இருந்தால், ஒரு முனை அகலமாகவும் மறுமுனை டைப்-சியாகவும் உள்ள வடத்தை மட்டும் வாங்கினால் போதும். இரவில் மின்னூட்டம் ஏற்ற அதன் வேகம் போதுமானது.

இனி உதவாது என்று ஒதுக்கியவற்றைக் குப்பையோடு சேர்த்து வீட்டின் பின்புறம் கொளுத்துவது தவறு. வடத்தின் உள்ளே செம்பு இருக்கிறது; வெளியே நெகிழி உறை இருக்கிறது. செம்பை எடுப்பதற்காக உறையை எரித்தால் நச்சுப்புகை எழும். சுங்கைப்பட்டாணி மக்களுக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. சட்டவிரோத நெகிழி மறுசுழற்சி ஆலைகளால் எழுந்த புகையைப் பற்றி அவ்வட்டார மக்கள் 2019 இல் குரல் எழுப்பியது நாடறிந்த செய்தியாகும்.

மலேசியாவில் மின்னணுக் கழிவு, 2005 ஆம் ஆண்டின் விதிமுறைகளின்கீழ் எஸ்.டபிள்யூ. 110 என்னும் எண்ணில் அட்டவணையிடப்பட்ட கழிவாக வகைப்படுத்தப்பட்டுள்ளது. சுற்றுச்சூழல் துறையின் அனுமதி பெற்ற நிலையங்களே அதனைப் பிரித்தெடுத்து மீட்க வேண்டும். வீட்டில் சேரும் மின்னணுக் கழிவுகளை அதற்குரிய திரட்டு மையங்களில் ஒப்படைக்கலாம். தோட்டத்திலிருந்து ஒவ்வொருவரும் ஒரு வடத்துக்காக நகரத்துக்குப் போவது நடைமுறைக்கு ஒத்து வராது. பள்ளியில் ஒரு பெட்டியை வைத்துத் திரட்டி, நிறைந்ததும் ஒன்றாகக் கொண்டு சேர்ப்பது எளிது. அதை மாணவர்களாகிய நீங்களே முன்னின்று செய்யலாம்.

உடன்பாட்டின் பயன்

நம் வீட்டுச் சுவரில் உள்ள மூன்று முனை மின்செருகியைப் பாருங்கள். மின்விசிறி எந்த நிறுவனத்தின் தயாரிப்பு என்று பார்த்து நாம் துளையைத் தேடுவதில்லை. கெடாவில் வாங்கிய பொருள் ஜொகூரிலும் அப்படியே பொருந்துகிறது. ஒரு காலத்தில் பலர் கூடிப் பேசி ஒரு வடிவத்துக்கு உடன்பட்டதால் கிடைத்த வசதி அது. அது பழகிப்போனதால் நாம் அதைக் கவனிப்பதே இல்லை. டைப்-சியும் ஒருநாள் அந்நிலையை அடையலாம்.

அதற்கு நிறுவனங்களின் உழைப்பும் அரசுகளின் சட்டமும் வழிவகுத்துள்ளன. எஞ்சியது பயன்படுத்துவோரின் அறிவு. அடுத்த தீபாவளிக்குப் பாட்டியின் வீட்டுக்குப் போகும்போது அந்த இழுப்பறையைத் திறந்து பாருங்கள். பயன்படுபவை எவை, பயன்படாதவை எவை என்று பிரித்து வையுங்கள். நல்ல மின்னூட்டி ஒன்றையும் அதற்கேற்ற வடத்தையும் கூடத்தில் வைத்து, அதில் எத்தனை வாட் என்று ஒரு தாளில் எழுதி ஒட்டுங்கள். பிறகு யார் வந்து "பாட்டி, சார்ஜர் இருக்கா?" என்று கேட்டாலும், "அந்தா இருக்கு பாருய்யா" என்று பாட்டி கையை நீட்டிக் காட்டலாம்.